வேழன் யாருக்கு?

“அந்த இறகை அவன் யாருக்குடி குடுத்தான்? முழுசா படி!” தைத்துக்கொண்டிருந்த ஊசியை நிறுத்திவிட்டுக் கத்தினாள் புஷ்ரா.

பாரதி புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “வேழன் அந்தப் பொன்னிறகை இளவரசி முத்தரசியின் கூந்தலில் செருகினான். தூணின் மறைவில் நின்ற செவ்வந்தி அதைக் கண்டாள். அவள் அழவில்லை. நேரே லாயத்துக்குப் போய், அவனுடைய பறக்கும் யாளியை அவிழ்த்து வானத்தில் விரட்டிவிட்டாள்.”

“அப்படிப் போடு! என் தங்கம்!”

“இன்னா தங்கம்? பொறாமை புடிச்சவ” என்றாள் தேவிகா. “பதினேழு வயசுல இவ்ளோ ஆங்காரமா? அவனுக்கு முத்தரசிதான் சரி.”

தேவிகா வீட்டு முன்னறையில் தினமும் இதே கூத்துதான். ஆம்பூர் கம்பெனியிலிருந்து வரும் அப்பர்களை, அதாவது ஷூவின் மேல்தோல்களை, ஐந்தாறு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கையால் தைப்பார்கள். பாரதி மட்டும் ஊசியைத் தொடமாட்டாள். சுவரில் சாய்ந்துகொண்டு, பழுப்புத்தாள் உறை போட்ட ‘முகில்கோட்டை’யை உரக்கப் படிப்பாள். அவள் பங்கு ஜோடிகளை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகத் தைத்துவிடுவார்கள். மூன்று பாகம் முடிந்து, இப்போது நான்காவது பாகம்.

செவ்வந்தி தோற்பதைப் புஷ்ராவால் தாங்க முடியவில்லை. தன் வயசு, தன்னைப்போலவே வாய்க்காரி. யாளிக்குட்டிக்குப் பால் ஊட்டி வளர்த்தவளே அவள்தான். நடுவில் வந்த இளவரசிக்கு இறகா?

“தேவிகாக்கா ஆசைப்படுற மாதிரியே கதை போவுது. எனக்குத்தான் பேஜாரா இருக்கு. பாரதி, புக்கை ஒரு நாள் குடுடி. முடிவைப் பாத்துட்டுத் தர்றேன்.”

“ஐயோ, லைப்ரரி புக்கு! யாருக்கும் தரக்கூடாது.”

“நாலு மாசமா இதே பாட்டுதான் பாடுற.”

பாரதி தண்ணீர் குடிக்க உள்ளே போனாள். திரும்பி வந்தபோது சுவரோரம் புத்தகம் இல்லை. புஷ்ராவும் இல்லை.

மறுநாள் காலை புஷ்ரா வரும்போது, பாரதி கையில் ஊசியோடு உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. விரலில் இரண்டு இடத்தில் ஊசி குத்தியிருந்தது.

“வாடி திருடி!” என்றாள் தேவிகா. “பாவம், நேத்துலேர்ந்து இந்தப் பொண்ணு பச்சத்தண்ணி குடிக்கல. புக்கைக் கிழிச்சுட்டியா?”

“கிழிக்கலக்கா. முழுசா படிச்சுட்டேன்.”

பாரதியின் தலை இன்னும் குனிந்தது. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

“முழுசாவா? அப்போ சொல்லு. எங்க முத்தரசியைத்தானே கட்டிக்கிறான்?”

புஷ்ரா, ஊசியும் தோலுமாகத் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தாள். பாரதியின் விரலைப் பார்த்தாள். பிறகு அவள் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

“நல்லா ஏமாந்தீங்கக்கா! யாளி இல்லாம வேழன் மலைமலையா அலையுறான். செவ்வந்திதான் அதைக் கூப்ட்டுக் குடுக்குறா. அந்த முத்தரசி, இறகைத் திருப்பிக் குடுத்துட்டு தன் ஊரைப் பாத்துப் போய்டுறா.”

“பொய்யி! நீயா அடிச்சு விடுற!”

“நான் ஏன் அடிச்சு விடணும்? எல்லாம் புக்குல இருக்குது. பாரதியே படிக்கட்டும், கேளுங்க.” புஷ்ரா பாரதியின் கையிலிருந்த ஊசியைப் பிடுங்கிக்கொண்டு, புத்தகத்தைப் பிரித்து அவள் மடியில் வைத்தாள். “நான் சொன்ன மாதிரிதானே இருக்கு? ஒரு எழுத்து மாத்தாம படிக்கணும், ஆமா!”

பாரதி அவளை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “செவ்வந்தி உதட்டைக் குவித்து ஒரு சீட்டியடித்தாள்; மேகம் கிழிந்தது...” என்று கணீரென்று ஆரம்பித்தாள்.

அவள் மடியில் பழுப்புத்தாள் உறைக்குள் விரிந்திருந்த பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில், அட்டைப்பூச்சி ஒன்று தன் குடலையெல்லாம் படம்போட்டுக் காட்டியபடி படுத்திருந்தது.