அப்பாவுக்குப் பொருந்தும் வெளிச்சம்

இறந்தவர்களை நிச்சயதார்த்த வீடியோவில் உட்காரவைப்பது எங்கள் கல்லூரியில் நான்காம் செமஸ்டர் பாடம். அதில் நான் லைட்டிங்.

மணப்பெண் மென்மொழியின் அப்பாவை ஒரு பாஸ்போர்ட் படத்திலிருந்து கணினியில் எழுப்பியிருந்தார்கள். கும்பிட்டார், சிரித்தார், மாப்பிள்ளையை லேசாக முறைக்கவும் செய்தார். ஆனால் அது ஸ்டூடியோ ஃபிளாஷில் எடுத்த முகம். மூக்குக்குக்கூட நிழல் இல்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த அவள் அம்மாவுக்கோ ஜன்னல் வெயிலில் பாதி முகம் இருட்டு. யார் போனவர் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். எனக்கு மார்க் போய்விடும்.

போனவர் மேல் விளக்கைத் திருப்ப முடியாது, இருப்பவரை மாற்று என்பதுதான் பாடம். ஜன்னலை மூடி, அம்மாவுக்கு நேர் எதிரே வெள்ளை விளக்கை வைத்தேன். நிழல் போயிற்று. மானிட்டரில் இருவரும் ஒரே அச்சாகப் பொருந்தினார்கள்.

மென்மொழி மானிட்டரைப் பார்த்தாள். ஓடிப்போய் அம்மாவின் கையைத் தொட்டாள்.

"சூடாத்தான் இருக்கு," என்றாள். "அண்ணா, அந்த லைட்டை எடுத்துடுங்க. அப்பா வித்தியாசமாவே தெரியட்டும்."

எடுக்கப் போனேன்.

"இருக்கட்டும் தம்பி," என்றார் அம்மா, மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல். "இதுலதான் அவரு பக்கத்துல உக்காந்த மாதிரி இருக்கு."