நல்ல காலம் எது?

அன்று வரவேற்பறையில் இருந்தவர்கள்: வீட்டுக்காரர் ஷுக்ரி (மகன் ஜவாதின் அப்பா என்பதால் ஊருக்கு 'அபூ ஜவாத்'), அவர் மனைவி இன்ஷிராஹ், பெண் கேட்டு வந்த அதீப், அவர் மனைவி நஸ்மியா, மாப்பிள்ளைப் பையன் ஹுமாம். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்ற பெண் மைசூனையும் சேர்த்தால் ஆறு பேர்.

ஏழாவதாக வந்தவளை யாரும் அழைக்கவில்லை.

"கருத்துக் கணிப்பு, மாமா. என் பேர் ருபா. நாட்டு நிலவரம், வீட்டு நிலவரம் பத்திக் கொஞ்சம் கேள்வி. தனியா உட்கார்ந்து கேக்கணும்."

"விருந்தாளிகளை விட்டுட்டு எழுந்திரிச்சுப் போனா ஹல்ஹூல் ஊர் பூரா என்னைக் காறித் துப்பும். இங்கேயே கேளு, மகளே," என்றார் ஷுக்ரி.

இன்ஷிராஹுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரம் பார்த்தாளே இவள்! ஏற்கெனவே காபி ஆறிக் கிடக்கிறது. பெண் தருகிறோம் என்று சொன்ன பிறகுதான் மாப்பிள்ளை வீட்டார் அதைத் தொடுவார்கள். கேட்டால்தானே தருவதற்கு? அதீப் மழையைப் பேசினார், மூட்டு வலியைப் பேசினார், பெண்ணை மட்டும் கேட்கவில்லை. புது சோபாவைப் பார்த்தார். ஜன்னல் வழியே திராட்சைத் தோட்டத்தைப் பார்த்தார். குனிந்துகொண்டார்.

வீடு பிடிக்கவில்லையோ?

ருபா டேப்லெட்டைத் திறந்தாள். "வீட்டுல யார் யார் வேலைக்குப் போறாங்க?"

"யாருமில்லை. மகன் ஜவாதுக்கும் வேலை போயிடுச்சு."

இன்ஷிராஹ் திடுக்கிட்டாள். ஜவாத் காலையில்தானே கல் அறுக்கும் பட்டறைக்குப் போனான்!

"தோட்டத்து வருமானம்?"

"பூச்சி விழுந்துடுச்சு. பாகு காய்ச்சக்கூட மிஞ்சலை."

உள்ளறையில் திராட்சைப் பாகு டின்கள் கூரையை முட்டிக்கொண்டிருந்தன.

"கரண்ட் பில்?"

"கட்டலை."

"பொதுத் தேர்தல் சீக்கிரம் நடக்கும்னு நம்பறீங்களா?"

"கடைசியா நான் ஓட்டுப் போட்டப்போ என் மகள் முதல் வகுப்பு. இன்னைக்கு அவளைப் பெண் பார்க்க வந்திருக்காங்க. என் பேத்தியைப் பெண் பார்க்க வர்றதுக்குள்ள நடந்துடும், மகளே."

ஹுமாம் சிரித்துவிட்டான். நஸ்மியா அவன் தொடையைக் கிள்ளினாள்.

"வெளிநாடு போற எண்ணம் உண்டா?"

"செருப்பை மாட்டியாச்சு. விசாதான் வரலை."

இன்ஷிராஹ் தட்டை எடுக்கிற சாக்கில் கணவர் காதருகே குனிந்தாள். "நிவாரணமா ஒரு மூட்டை மாவு கிடைக்கும்னு ஆசையா? சம்பந்தம் பேச வந்தவங்க முன்னாடி மானத்தை வாங்கறீங்களே, அபூ ஜவாத்! உள்ளே பொண்ணு அழறா!"

"சும்மா இரு."

ருபா அடுத்த கேள்விக்குப் போனாள். "உங்க குடும்பத்துக்கு நல்ல காலம்னா எது, மாமா?"

இதற்கு மட்டும் ஷுக்ரி இன்ஷிராஹைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்க கல்யாண வருஷம்," என்றார் மெல்ல. "அப்போ வழியில இந்தச் சுவர் இல்லை, அனுமதிச் சீட்டுக் கேக்க ஆள் இல்லை. விடியக்காலை பஸ் ஏறினா பத்து மணிக்கு யாஃபா கடல்ல கால் வைக்கலாம். இவ ஷூவைக் கழட்ட வெட்கப்பட்டு ஷூவோடவே இறங்கிட்டா."

"நீங்கதானே இழுத்தீங்க!" இன்ஷிராஹ் கோபத்தை மறந்தாள். "ஒரு வாரம் மெத்தையெல்லாம் மணல்."

அதீப் நிமிர்ந்தார். "நாங்களும் போவோம். குளிரட்டும்னு எங்க அப்பா தர்பூசணியை ஈர மணல்ல புதைப்பார். அலை வந்து அதைத் தூக்கிட்டுப் போயிடும். அண்ணன் தம்பி அஞ்சு பேரும் பின்னாடியே நீந்துவோம்."

"தர்பூசணி மிதக்குமா?" என்றான் ஹுமாம்.

"பாவம், இவன் கடலைப் படத்துலதான் பார்த்திருக்கான்," என்றாள் நஸ்மியா.

எல்லோரும் சிரித்தார்கள். கதவுக்குப் பின்னாலிருந்தும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பிலேயே அதீப்புக்குப் பேச்சு வந்தது.

"அபூ ஜவாத், உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு? சுவருக்கு அந்தப் பக்கம் வேலைக்கு விடாம நிறுத்தினதுல இருந்து நானும் வீட்டுலதான். பொண்ணுக்கு நாங்க தர வேண்டிய மஹர்ல, ஊர் வழக்கத்துல பாதிதான் என்னால முடியும். மீதிக்கு ஹுமாமோட ரெண்டு கைதான். உங்க மகளை எங்களுக்குத் தாங்க."

"தந்தோம். காபியைக் குடிங்க!"

"ஆறிப்போச்சே!"

"மைசூன், புதுசாப் போடும்மா!"

நஸ்மியா குலவையிட்டாள்.

அவர்கள் கிளம்பிப் போனதும் இன்ஷிராஹ் இடுப்பில் கைவைத்து நின்றாள். ஷுக்ரி அவளைப் பார்க்காமல் ருபாவைக் கூப்பிட்டார்.

"மகளே, முதல்ல இருந்து கேளு. பொய்யை நாட்டுக் கணக்குல ஏத்தக் கூடாது. ஜவாதுக்கு வேலை இருக்கு. திராட்சை நல்லாவே காய்ச்சுது. பில் கட்டியாச்சு. நான் எங்கேயும் போகலை."

"அப்போ ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க?"

"அந்த மனுஷன் என் வீட்டைப் பார்த்துப் பார்த்து வாய்வரைக்கும் வந்த பேச்சை முழுங்கிட்டிருந்தார். நான் கொஞ்சம் இறங்கி அவர் பக்கத்துல உட்கார்ந்தேன். அவ்வளவுதான்."

இன்ஷிராஹ் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். பலகாரத் தட்டை ருபாவின் பக்கம் நகர்த்தினாள்.

ருபா ஒவ்வொன்றாக அழித்து எழுதினாள். ஆறு பதில்களில் திருத்தாமல் மிஞ்சியவை இரண்டு: தேர்தலைப் பற்றியது ஒன்று, கடலைப் பற்றியது ஒன்று.