ஓர் அளவு பெரிய காலுறை

சுவீடனின் கோத்தன்பர்க் நகரக் குடியிருப்பு ஒன்றின் பொதுச் சலவை அறையில் வியாழன் காலை குன்வோரின் முறை. அறுபத்தெட்டு வயதுத் தனியாளுக்கு ஒரு கூடைத் துணிதான். அன்று கயிற்றில் ஒரு குழந்தையின் காலுறைகள் ஈரமாகத் தொங்கின. பெயர்ப் பட்டையில் ‘லுண்டின்’ என்றிருந்தது. முப்பது வயதில் அவள் மணக்க மறுத்தவனின் குடும்பப்பெயர். பட்டையில் இருந்த தையல் குன்வோர் போடுவது போலவே இருந்தது.

“யாரோடது இது, பிரிட்?”

“நம்ம கட்டடத்துல ஏதுடி புள்ளைங்க? எல்லாம் பல்லு போன கூட்டம்” என்று மாடிவீட்டு பிரிட் சிரித்தாள்.

குன்வோருக்கு இருப்புக்கொள்ளவில்லை. குதிகாலில் இருந்த ஓட்டையைத் தைத்து, மறுபடி தொங்கவிட்டாள். அத்தோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வியாழன் அவை இல்லை. அதே கயிற்றில், அதே ‘லுண்டின்’ பட்டையோடு, ஓர் அளவு பெரிய ஜோடி ஈரமாகத் தொங்கியது. குதிகாலில் ஓட்டை.

குன்வோர் ஊசியும் நூலும் கொண்டுவந்திருந்தாள்.