கீழ்வீட்டுக்காரர்

ஒலியை விழுங்கும் சுவர்கள் வந்த பிறகு, கோவையில் எந்த வீட்டுச் சத்தமும் அடுத்த வீட்டுக்குப் போவதில்லை.

கிளாடிஸ் செம்புத் தகட்டைச் சுத்தியலால் அடித்து, இன்னதென்று சொல்ல முடியாத வடிவங்களைச் செய்பவள். முன்கூட்டி எதையும் வரைந்துகொள்ள மாட்டாள்; அடித்துக்கொண்டே போவாள். முன்பெல்லாம் கீழ்வீட்டு ராக்கியப்பன் சத்தம் பொறுக்காமல் மேலே வந்து, தகட்டைப் பார்த்துக் கத்துவார்.

"என்னுங்க அம்மிணி இது, லாரி ஏறுன அண்டாவாட்டம்?"

உடனே சுத்தியலைக் கீழே வைத்துவிடுவாள். சிற்பம் முடிந்தது என்று அர்த்தம். எங்கே நிறுத்துவதென்று அவளுக்கு வேறு வழியில் தெரிந்ததே இல்லை.

இப்போது யாரும் வருவதில்லை. நடுநடுவே கதவைத் திறந்து பார்ப்பாள். படிக்கட்டு காலியாக இருக்கும். திரும்பி வந்து அடிப்பாள். தகடு மெலிந்து மெலிந்து கிழிந்துபோகும். ஒன்றுகூடத் தேறவில்லை.

ஒருநாள் தானே கீழே இறங்கிப் போனாள்.

"ஏனுங்ணா, நான் தட்டற சத்தம் ரொம்பத் தொந்தரவா இருக்குதுங்களா?" என்று ஆசையாகக் கேட்டாள்.

ராக்கியப்பன் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"அட, நீங்க இன்னும் மேலதான் இருக்கீங்களா அம்மிணி? காலி பண்ணிட்டுப் போயிட்டீங்கன்னுல்ல நெனச்சேன்!"