லேபில் எலுமிச்சம்பழம்

லேப் அலமாரியைத் திறந்த அரவிந்த்குமாருக்குக் கோபம் தலைக்கேறியது. உள்ளே ஒரு தட்டு நிறைய எலுமிச்சம்பழம். எல்லாவற்றிலும் குங்குமம்.

"யாரு வச்சது இது?"

"நாந்தான் சார். காளி கோயில் பூசாரி குடுத்தாரு," என்றாள் காத்தாயி.

அந்தப் பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாக அவள்தான் லேப் அட்டெண்டர். அரவிந்த்குமார் புதிதாக வந்த கெமிஸ்ட்ரி வாத்தியார். கந்தர்வக்கோட்டைக்கு மாறுதலாகி இன்னும் ஒரு மாசம்கூட ஆகவில்லை.

அவள் மேலே ஏதோ சொல்ல வந்தாள். அவர் விட்டால்தானே. விஞ்ஞானம் படிக்கிற இடத்தில் திருஷ்டிப் பழமா, பிள்ளைகள் இதைப் பார்த்து என்ன கற்றுக்கொள்ளும் என்று கால் மணி நேரம் பிரசங்கம் செய்தார். பழங்களை அள்ளிக் குப்பைத் தொட்டியில் போட்ட பிறகுதான் ஓய்ந்தார்.

மனிதர் நல்லவர்தான். கொஞ்சம் அவசரம்.

பத்து நாள் போனது. பிளஸ் டூ பிராக்டிகலுக்கு முந்தின நாள் மத்தியானம் பியூரெட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோடு போட்ட நீளக் கண்ணாடிக் குழாய்கள், மொத்தம் பன்னிரண்டு. பத்து நாளாகப் பிள்ளைகள் பழகியதில் பெர்மாங்கனேட் காய்ந்து, எல்லாவற்றிலும் பழுப்புக் கறையாக இறுகிக் கிடந்தது. உள்ளே கரைசல் எந்தக் கோட்டில் நிற்கிறது என்றே தெரியாது. அளவு தப்பினால் பிள்ளைகளின் மார்க் போய்விடும்.

சோப்புத்தூள், வெந்நீர், பிரஷ் எல்லாம் போட்டுத் தேய்த்தார். கை சிவந்ததுதான் மிச்சம். ஆக்சாலிக் அமிலத்துக்குக் கறை போகும். ஆனால் இருந்தது பரீட்சைக்கே சரியாக இருந்தது.

"எப்பவும் இதை எப்படிம்மா கழுவுவீங்க?"

காத்தாயி தயங்கினாள். "எலுமிச்சஞ்சாறு ஊத்தி வச்சிருவேன் சார். கொஞ்ச நேரத்துல கறை விட்டுரும். அதுக்குத்தான் பூசாரிகிட்ட வாங்கியாந்து வச்சிருந்தேன்."

அவர் முகம் சுருங்கியது. "அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்ல வந்தேன் சார்."

மனசாரத் தப்பை ஒப்புக்கொண்டு, போன வெள்ளிக்கிழமை எடுத்த புது பைக்கில் கடைத்தெருவுக்குப் பறந்தார். கடையில் கிடைத்தது பதினொரு பழம். அவர் பிழிய, அவள் ஊற்ற, கறை மெல்ல மெல்லக் கரைந்தது. சாயங்காலத்துக்குள் பதினொரு பியூரெட் பளபளவென்று வரிசையில் நின்றன. அரவிந்த்குமாருக்கு ரொம்ப நாளைக்கப்புறம் அவ்வளவு சந்தோஷம்.

ஒன்று மட்டும் பாக்கி. அவர் மறுபடியும் சாவியை எடுத்தார்.

"எதுக்கு சார் அலையணும்?" காத்தாயி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். "ஒங்க வண்டி முன்னாடி மொளகாயோட ஒரு பழம் தொங்குதே, அதைக் குடுங்க. வெள்ளிக்கிழமை கட்டுனதுதான, இன்னும் காஞ்சிருக்காது."