பார்த்துவிட்டுப் போகிறவன்

"நெட்டுல காஞ்சிப் பட்டுன்னு தேடினா காந்தி ரோட்டுல இருக்கிற எல்லார் கடையும் வருது. நம்ம கடை மட்டும் எங்கம்மா போச்சு?" என்று எகிறினார் பட்டுக்கடை முனிரத்தினம். "வெப்சைட் செஞ்சியா, கோலம் போட்டியா?"

சுகாசினி மறுபடியும் சரிபார்த்தாள். நானூறு புடவைக்கும் தனித்தனிப் பக்கம், நிறம், பார்டர் விவரம் எல்லாம் அவளே எழுதியவை.

"எல்லாம் சரியாத்தான் இருக்குது சார்."

"கிழிச்ச! உனக்கு வியாபாரம் தெரியுமாம்மா?"

முப்பது வருஷமாக, வாங்குகிறவர் யார், பிரித்துப் போடவைத்துவிட்டு நழுவுகிறவர் யார் என்று வாசலிலேயே கண்டுபிடிப்பவர் அவர். இந்தப் பெண்ணைக் கண்டாலே இளக்காரம்.

"சார், பொய் ஆர்டர் போடறவங்களைத் தடுக்க ஒரு பட்டன் குடுத்தேனே, யாருக்காவது அமுக்கினீங்களா?"

முனிரத்தினம் மீசையைத் தடவிக்கொண்டார்.

"ஒருத்தனுக்குத்தான். வெப்சைட்டுக்கு வர்றவங்க லிஸ்டுல தினம் வந்துக்கினே இருந்தான். நானூறு புடவையும் ஒண்ணுவிடாம பார்ப்பான், ஒரு முழம் துணி வாங்கமாட்டான். டிசைன் திருடுற பய! கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளிட்டேன்."

சுகாசினி பெட்டி மாதிரி இருந்த மானிட்டரை அவர் பக்கம் திருப்பினாள்.

"அது ஆளே இல்ல சார், தேடிக் குடுக்கிற மெஷினு. கடை கடையா போய்ப் பார்த்து, எங்க என்ன இருக்குதுன்னு உலகத்துக்கே சொல்றது அதுதான். அதைத்தான் முகத்தைப் பார்த்தே திருடன்னு கண்டுபிடிச்சு வெளிய தள்ளியிருக்கீங்க."

முனிரத்தினத்தின் குரல் இறங்கியது.

"திரும்ப வருமாம்மா? வந்தா ஒரு கலர் சோடா வாங்கியாரச் சொல்றேன்."