மேனேஜரின் கறுப்புக் கண்ணாடி

"மேனேஜரோட கறுப்புக் கண்ணாடிக்கு முன்னாடி மூணு விரலைக் காட்டினேன், நாக்கையும் நீட்டினேன். மனுஷன் அசையலையே!" என்று குதூகலித்தார் குமாஸ்தா.

டைப்பிஸ்ட் அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாப்பத்தஞ்சு வயசுல சின்னம்மை வந்து, கண்ணையும் ஒரு கை பார்த்துட்டுப் போயிருக்கு. சொட்டு மருந்துல எதிர்ல நிக்கிற ஆளே மங்கலாம். அவர்கிட்ட போயா விளையாடுவீங்க?"

"விளையாட்டா? என் வேலையே இதுலதான் தொங்குது!"

உண்மைதான். மேனேஜர், கண்ணில் பட்டதையெல்லாம் பதிவேட்டில் எழுதிவிடும் ரகம். தான் தாமதமாக வந்ததைக்கூடத் தானே எழுதிக்கொண்டவர். குமாஸ்தா மேஜையில் தூங்கியதை ஏற்கெனவே இரண்டு முறை எழுதியாயிற்று. மூன்றாவது எழுதினால் சீட்டு கிழிந்துவிடும்.

ஆனால் இப்போது தூங்காமல் எப்படி? குமாஸ்தாவின் மனைவிக்கும் அதே சின்னம்மை, அதே கண் சிவப்பு. வெளிச்சம் பட்டாலே துடித்துப் போகிறாள். ராத்திரியெல்லாம் மணிக்கொரு தரம் மருந்து விட வேண்டும். லீவெல்லாம் தீர்ந்துவிட்டது. "என் கண் டாக்டர்கிட்டயே காட்டுங்க" என்று விலாசம் எழுதிக் கொடுத்ததே மேனேஜர்தான்.

மத்தியானம் மேனேஜர் தடவித் தடவி வெளியே வந்தார். கோட் ஸ்டாண்டைப் பார்த்து, "என்னப்பா, ஃபைல் முடிஞ்சுதா?" என்றார். பதில் இல்லை. "சரி சரி, மெதுவா முடி" என்று அதைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

குமாஸ்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு மேஜையில் கவிழ்ந்தார். குறட்டையே வந்தது. இப்படியே இரண்டு வாரம் ராஜ தூக்கம். பதிவேட்டில் ஒரு வரி ஏறவில்லை. 'ஏமாத்திட்டோம்ல!' என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

மனைவிக்குக் கண் தெளிந்ததும் டாக்டரிடம் கடைசியாக ஒரு தடவை கூட்டிப் போனார்.

"சுத்தமா சரியாயிடுச்சும்மா. கறுப்புக் கண்ணாடியைக் கழட்டிடலாம்" என்றார் டாக்டர். "உங்க வீட்டுக்காரரோட மேனேஜர் மாதிரி அடம் பிடிக்காதீங்க."

"அவர் எதுக்கு டாக்டர் அடம் பிடிக்கிறாரு?" என்றார் குமாஸ்தா.

"அவருக்குப் பார்வை பளிச்சுன்னு ஆகி ரெண்டு வாரத்துக்கு மேலாச்சு. கண்ணாடியைக் கழட்டுங்கன்னா கேக்கணுமே! 'இதைப் போட்டிருக்கிற வரைக்கும் எனக்கு எதுவும் தெரியாது டாக்டர். கழட்டினா எழுதியாகணும். ஆபீஸ்ல ஒருத்தர் இன்னும் கொஞ்ச நாள் தூங்க வேண்டியிருக்கு'ங்கிறாரு!"